இரண்டாம் பந்திக்குள் ஒரு புரோகிராம்

ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணம். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா பேத்தி முறை. முகூர்த்தம் பத்தரை மணிக்கு முடிந்ததும், தூரத்திலிருந்து வந்தவர்கள் என்று எங்களை முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். சாம்பார் முடிந்து, ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

இடது கையால் எடுத்தேன். பஞ்சவர்ணம்.

"அக்கா, பெட்டி கத்துதுக்கா. பல்பு எல்லாம் அணஞ்சு போச்சு."

ரசம் ஊற்ற வந்த தம்பி வாளியோடு நின்றார். "ஊத்தட்டுங்களா?" என்றார். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஊற்றிவிட்டுப் போனார்.

"சூடு எம்புட்டுக் காட்டுது?"

"முப்பத்தி நாலு. செத்த முன்னாடி முப்பத்தி அஞ்சு இருந்துச்சு."

முப்பத்தேழரை இருக்க வேண்டும். ரசம் குழியை உடைத்துக்கொண்டு இலையில் ஓடியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், தடுக்கத் தோன்றவில்லை.

இந்த வாரம்தான் தொடரைப் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு ஒரு வரி. திண்டுக்கல்லில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் என்னும் விரல் நகம் அளவுச் சிப்புக்குள் புரோகிராம் எழுதி வைப்பது என் வேலை. மோட்டாரைப் போடு, பல்பை அணை, தண்ணீர் நிறைந்தால் நிறுத்து என்று அதற்கு நான் சொல்லி வைக்க வேண்டும். சொன்னதை அது அப்படியே செய்யும். தப்பாகச் சொல்லியிருந்தால் தப்பையும் அப்படியே செய்யும்.

பெட்டியும் பதினாலு வீடும்

பஞ்சவர்ணத்தின் ஊர் குஜிலியம்பாறைக்குக் கிழக்கே. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஆடு கோழி என்று இருக்கிற பூமி. அவள் வீட்டுக்காரர் வேடசந்தூர் மில்லுக்கு ஷிப்ட் போகிறார். அவள் நாட்டுக்கோழி வளர்க்கிறாள். ஒரு கோழி பன்னிரண்டு முட்டைக்கு மேல் அடை தாங்காது. அதுவும் அதற்கு மனசு வந்தால்தான் படுக்கும்.

ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "இருவது கோழி ஒண்ணா அடை படுத்தாப்புல ஒரு பெட்டி செஞ்சு குடுங்கக்கா" என்று கேட்டாள். எனக்குக் கேட்ட விதம் பிடித்துவிட்டது.

பழைய பிரிட்ஜ் ஒன்றின் கூட்டை எடுத்தேன். ஆயுசு முழுக்கக் குளிர வைத்த பெட்டியை வைத்து முட்டைக்குச் சூடு கொடுத்தேன். உள்ளே நாலு குண்டு பல்பு, சூட்டைப் பரப்ப ஒரு பேன், முட்டை அடுக்கும் தட்டு. தாய்க்கோழி அலகால் முட்டையைப் புரட்டிப் புரட்டி விடும். இங்கே அதற்குப் பதிலாகத் தட்டு மணிக்கு ஒரு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். தட்டின் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவு காந்தம் ஒன்றை ஒட்டியிருந்தேன். காந்தம் பெட்டிச் சுவரில் இருக்கும் சென்சாருக்கு எதிரே வந்தால், தட்டு வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது என்று சிப்புக்குத் தெரியும்.

முதல் முறையே இருநூற்றுப் பத்து முட்டை வைத்தாள். அவளுடையது ஒன்றுகூட இல்லை. தெருவில் பதினாலு வீடு, வீட்டுக்குப் பதினைந்து முட்டை. எல்லாம் வாரத்துக்கு வாங்கியது. முட்டை அவர்களுடையது, பொரிக்கிற குஞ்சில் பாதி அவர்களுக்கு, பாதி இவளுக்கு. முட்டை ஒவ்வொன்றிலும் வீட்டின் முதல் எழுத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். "தாயில்லாமக் குஞ்சா, நல்லாத்தேன் இருக்கு கூத்து" என்று சிரித்தவர்களும் கொடுத்திருந்தார்கள். பொரிக்காவிட்டால் அந்தத் தெருவில் அவள் தலை காட்ட முடியாது. அவளை நம்பி இனி ஒருத்தி ஒரு முட்டை தர மாட்டாள்.

கல்யாணத்தன்று பதினேழாம் நாள். ஓட்டுக்குள் குஞ்சுகள் உருவாகி முடிந்து, உயிரோடு அசைந்துகொண்டிருக்கிற நேரம். ஒட்டன்சத்திரத்திலிருந்து அங்கே போக எப்படி ஓட்டினாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் எல்லாம் ஆறிவிடும்.

முட்டை ஆறிக்கொண்டிருக்கும்போது இவள் பழைய கதை சொல்லப் போகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அதைச் சொன்னால்தான் நான் எங்கே சறுக்கினேன் என்பது விளங்கும்.

கண்ணாடிச் சன்னல் வைத்த சிப்

பாலிடெக்னிக் முடித்ததும் நான் சேர்ந்தது திண்டுக்கல்லில் ஒரு சின்னக் கம்பெனி. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பு மில்களுக்கு, மெஷின் எவ்வளவு நூல் நூற்றது என்று எண்ணி, அளவு முடிந்ததும் அதை நிறுத்துகிற கருவி செய்துகொண்டிருந்தோம்.

அப்போதைய சிப்பின் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடிச் சன்னல் இருக்கும். எழுதிய புரோகிராமை அழிக்க வேண்டுமானால் அந்தச் சன்னல் வழியாகப் புறஊதா வெளிச்சம் பாய்ச்ச வேண்டும். அதற்கென்று விளக்கு வைத்த பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் அரை மணி நேரம் சிப் கிடக்க வேண்டும். பிறகு வேறொரு கருவியில் செருகிப் புதிதாக எழுத வேண்டும். பிறகு பிடுங்கிச் சர்க்யூட்டில் மாட்ட வேண்டும். மாட்டும்போது நாற்பது காலில் ஒரு கால் மடங்கும். அதை ஊசியால் நிமிர்த்தி, கரண்ட் கொடுத்துப் பார்த்தால், ஒரு இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று போட்டிருப்பேன். மறுபடி விளக்குப் பெட்டி. ஒரு எழுத்துப் பிழைக்கு முக்கால் மணி நேரம்.

எனக்குப் பொறுமை என்பது பிறக்கும்போதே கொடுக்கப்படவில்லை. அந்த அரை மணியில் நான் மூன்று முறை பெட்டியைத் திறக்கப் போவேன். கண் போய்விடும் என்று முதலாளி கத்துவார்.

எழுதிப் பார்க்க எங்களிடம் ஆறே சிப்தான். கரண்ட் போனால் விளக்கும் போய்விடும். "வெயில்லயும் அந்த வெளிச்சம் இருக்குல்லம்மா, மாடில வச்சுப் பாப்போம்" என்றார் முதலாளி. சித்திரை வெயில், திண்டுக்கல் மொட்டை மாடி, கேட்க வேண்டுமா. ஒரு தட்டில் ஆறையும் அடுக்கி வைத்தோம். பக்கத்தில் மாடி வீட்டம்மா வடகம் காயப் போட்டிருந்தார். வடகம் இரண்டே நாளில் காய்ந்தது. எங்கள் சிப் ஒரு வாரம் ஆகியும் பாதி அழிந்து பாதி அழியாமல் கிடந்தது. நடுவில் ஒரு காக்கா வடகத்தை விட்டுவிட்டு ஒரு சிப்பைத் தூக்கிக்கொண்டு போனது. மிச்ச வருஷத்தை ஐந்து சிப்பில் ஓட்டினோம்.

என் வயதுக்காரர்கள் சிலர், "அப்பல்லாம் ஒரு தடவ எழுதுறதுக்கு நூறு தடவ யோசிப்போம்" என்று பெருமையாகப் பேசுவார்கள். நானும் யோசித்தேன், பயத்தில். தப்பு வந்தால் முக்கால் மணி நேரம் போய்விடுமே என்கிற பயம். பயத்தில் யோசிக்கிறவளுக்குப் புதிதாக எதையும் செய்து பார்க்கத் தோன்றாது. ஓடுகிறதா, ஓடட்டும், தொடாதே என்று இருந்துவிடுவாள். அந்த நாட்களின் மேல் எனக்கு ஒரு ஏக்கமும் கிடையாது.

பிளாஷ் அடித்தால் நிற்கும் மெஷின்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஒரு மில்லிலிருந்து ஆள் வந்தது. "போட்டோ புடிச்சா மிஷினுக்குக் கோவம் வருதும்மா, நின்னு போயிருது" என்றார் வந்தவர். அவர் அங்கே பிட்டர். குடிக்கிற ஆளாகவும் தெரியவில்லை. மில் பஸ்ஸில் ஏறி அவரோடு போனேன்.

நடந்தது இதுதான். சன்னல் வழியாக வெளிச்சம் போகாமலிருக்கச் சிப்பின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் நாங்கள் அனுப்புவோம். பூஜைக்காக மெஷினைத் துடைத்தவர்கள் எங்கள் பெட்டியையும் திறந்து துடைத்திருக்கிறார்கள். பஞ்சும் எண்ணெயும் படிந்து கறுத்துப்போன ஸ்டிக்கரை அழுக்கு என்று உரித்துவிட்டார்கள். அடியில் பளபளவென்று கண்ணாடி. அழகாக இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பெட்டி திறந்திருக்கும்போதே எல்லாரும் மெஷின் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். கேமராவின் பிளாஷ் சன்னலுக்குள் பாய்ந்ததும், சிப் அந்த நொடியில் புரோகிராமைத் தப்பாகப் படித்துத் தடுமாறி, மெஷினை நிறுத்திவிட்டது. இன்னொரு போட்டோ எடுத்தார்கள், மறுபடி நின்றது. ஆக மொத்தம் பதினோரு போட்டோ. மெஷினின் கோபத்தைச் சோதித்துப் பார்ப்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிளாஷ் அடித்தாலும் தானே சுதாரித்துக்கொள்கிற மாதிரி மாற்றியிருக்கலாம். அந்த மில்லில் நாற்பது மெஷின். நாற்பது சிப்பையும் கழற்றி, அழித்து, எழுதி, மாட்ட வேண்டும். நான் செய்யவில்லை. ஒரு அட்டையில் எழுதி ஒட்டினேன். பெட்டியைத் திறக்காதே. ஸ்டிக்கரைத் தொடாதே. பொட்டு வைக்காதே.

"வருசத்துக்கு ஒரு நா பொட்டு வக்கிறது ஒரு குத்தமாம்மா?" என்று ஒரு அம்மா கேட்டார். நான் விறைப்பாக, "கதவுக்கு வெளிய வைங்க" என்றேன். நாற்பது சிப்பை மாற்றுவதைவிட நாற்பது பேரை மாறச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்தக் கம்பெனியில் இன்னொரு பாடமும் படித்தேன். "என்ன தப்பு நடந்தாலும் மொதல்ல எல்லாத்தையும் நிறுத்து. அப்பறம் பாத்துக்கலாம்" என்பார் முதலாளி. மில்லுக்கு அது சரி. ஓடுகிற மெஷினில் கை மாட்டிவிட்டால் எல்லாம் நிற்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு புரோகிராமிலும் அந்த வரி இருந்தது. கையெழுத்துப் போல அதுபாட்டுக்கு வந்து விழும்.

சன்னல் போயிற்று, காத்திருப்பும் போயிற்று

சில வருஷங்களில், மின்சாரத்தாலேயே அழித்து எழுதுகிற சிப் வந்தது. விளக்குப் பெட்டியை நானே தூக்கிப் பரணில் போட்டேன். கம்ப்யூட்டரின் பிரிண்டர் மாட்டுகிற இடத்தில் செருகும்படி ஒரு சின்னப் பலகையை நானே பற்றவைத்துக்கொண்டேன். அரை மணி வேலை அரை நிமிடமானது. முதல் நாள் அது முடிந்ததை நம்பாமல், சும்மா ஏழெட்டு முறை அழித்து அழித்து எழுதிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இல்லை. என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பிறகு சிப்பைப் பிடுங்காமல், இருக்கும் இடத்திலேயே ஒரு ஒயரைச் செருகி எழுதலாம் என்று வந்தது. பிறகு யூஎஸ்பி. பிறகு பலகையாகவே கடையில் கிடைத்தது. எழுத இலவச மென்பொருள், தப்பாக எழுதினால் எந்த வரி என்று அதுவே சிவப்பில் காட்டியது. அப்புறம் ஒயரும் வேண்டாம் என்றார்கள். சிப்பே ஒரு வைபை வைத்துக்கொண்டது. போனிலிருந்து ஒரு கோப்பை அனுப்பினால் பழைய புரோகிராமை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளும்.

பஞ்சவர்ணத்தின் பெட்டிக்குள் இருந்தது அந்த வகைச் சிப். அந்த வசதியை நான் அதுவரை பட்டறை மேஜையில்தான் பயன்படுத்தியிருந்தேன். கைதான் வேகமாகியிருந்தது, என் புத்தி இன்னும் அட்டை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தது. அது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

லாடம்

"பெட்டி ஸ்கிரீன்ல என்ன காட்டுது?" என்று பந்தியில் இருந்தபடியே கேட்டேன்.

"மூணுன்னு காட்டுது. தட்டு சாஞ்ச மானிக்கே நிக்குதுக்கா."

மூன்று என்றால் தட்டில் கோளாறு. காந்தம் சென்சாருக்கு எதிரே வரவில்லை என்று அர்த்தம். சிப் அரை நிமிடம் காத்திருந்துவிட்டு, தப்பு நடந்துவிட்டது என்று எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறது.

"அணச்சுப் போட்டுப் பாத்தியா?"

"பாத்துட்டேன். போட்டா அர நிமிசம் பல்பு எரியுது, அப்பறம் அணஞ்சிருது. அதனால அணச்சு அணச்சுப் போட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு தூக்குல சுடுதண்ணி ஊத்தி உள்ள வச்சிருக்கேன். மேல கம்பளியப் போத்திட்டேன்."

சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

படத்தில் முட்டைகளுக்கு நடுவே ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய், மாட்டு லாடம் ஒன்று. லாடத்தில் என் காந்தம் சொகுசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அடை வைக்கிற கூடையில் இரும்பும் கரியும் மிளகாயும் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், இரும்பு இருந்தால் கெடாது என்பார்கள். பஞ்சவர்ணம் முதல் நாளே இவற்றைப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருக்கிறாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கிழக்கே இடி முழங்கியிருக்கிறது. காலையில் எழுந்ததும், இன்னும் பக்கத்தில் இருக்கட்டும் என்று எடுத்துத் தட்டு மேலேயே வைத்துவிட்டு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். தட்டு சாய்ந்தபோது லாடம் சறுக்கி ஓரத்துக்கு வர, காந்தம் பசையைப் பிய்த்துக்கொண்டு அதோடு போய்விட்டது.

"லாடத்த எடுத்து வெளிய போடு பஞ்சவர்ணம். காந்தத்தப் பழைய எடத்துல ஒட்டு."

"ஒட்டுறதுக்குப் பசை இல்லக்கா. லாடத்த எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"இன்னைக்கும் மேகம் கூடுது."

"இடிக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கத்திவிட்டேன். பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. எதிர் வரிசைப் பெரியவர் ஒருவர் அப்பளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

பஞ்சவர்ணம் குரலை உயர்த்தவே இல்லை. "சம்பந்தம் இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாதுக்கா. பதினாலு வீட்டு முட்டை. நாளைக்கு நாலு முட்டை கெட்டுப்போனாக்கூட, இரும்பு வச்சியான்னுதேன் மொதக் கேள்வி வரும். வக்கலன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

மில்லில் பொட்டு வைத்த அம்மாவுக்குச் சொன்னது மாதிரி ஒரு பதில் நாக்கு வரை வந்தது. வந்த வேகத்தில் வெட்கமாகவும் இருந்தது. காந்தம் கழன்றதற்கு லாடம் காரணம், சரி. பல்பை அணைத்தது யார்? தட்டில் கோளாறு என்றால் தட்டைத்தானே நிறுத்த வேண்டும்? ஒரு மணி நேரம் புரளாவிட்டால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. சூடு போனால்தான் சாகும். எந்தத் தாய்க்கோழியும் கால் வலிக்கிறது என்று எழுந்து போய்விடாது. மில்லில் உயிரைக் காப்பாற்றுகிற வரியை யோசிக்காமல் அடைப்பெட்டிக்குள் எழுதி, உயிரை எடுக்கப் பார்த்தது நான்தான்.

"பஞ்சவர்ணம், பல்பு அணஞ்சது லாடத்தால இல்ல. நான் எழுதுன புரோகிராம் தப்பு."

"அப்ப அத மாத்துங்கக்கா" என்றாள், குழம்பில் உப்பு குறைந்தால் போடச் சொல்கிற மாதிரி.

காரில்

இலையை மூடிவிட்டுக் கை கழுவினேன். "பாயசம் வருது" என்றார் என் வீட்டுக்காரர். "நீங்களே குடிங்க" என்றேன். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார்.

மண்டபத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு இடத்தை மாற்ற வேண்டும். ஒன்று, தட்டுக்கு என்ன ஆனாலும் பல்பையும் பேனையும் தொடாதே. இரண்டு, காந்தத்துக்குக் காத்திருக்காதே, மோட்டாரைப் பன்னிரண்டு நொடி ஓட்டி நிறுத்து. அதிலேயே தட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்படிச் செய்தால் காந்தமே தேவையில்லை. லாடம் அதுபாட்டுக்கு அங்கேயே கிடக்கலாம்.

அவசரத்தில் ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தேன். சிவப்பில் காட்டியது. மூடினேன். இருபது நொடியில் கோப்பு தயார். போனில் அவளுக்கு அனுப்பினேன். மண்டபத்துக்குள் முதல் பந்தி எழுந்து, இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"எம்புட்டுக் காட்டுது?"

"முப்பத்தி ஒண்ணு."

"நான் சொல்றத அப்படியே செய். போன்ல வைபை தேடு. கோழிப்பெட்டின்னு ஒரு பேரு வரும்."

"வருது. தொட்டுட்டேன்."

"போன்லயே ஒரு பக்கம் தானாத் தொறக்கும். அதுல கோப்பைத் தேர்ந்தெடுன்னு இருக்கும். நான் இப்ப அனுப்புனதை எடு. அப்பறம் கீழ பச்சை பட்டன்."

"எடுத்தாச்சு. அமுக்கவா?"

நடுவில் கரண்ட் போனால்? புதிய புரோகிராம் முழுசாக வந்து சேரும் வரை சிப் பழையதை விடாது, எதுவும் கெட்டுப்போகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பழைய பயம் விடவில்லை. பாதி அழிந்து பாதி அழியாமல் கிடந்த சிப்புகளை நான் நிறையப் பார்த்தவள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"கரண்ட் போயிருமோன்னு பயமா இருக்கு பஞ்சவர்ணம்."

"இப்பத்தேன் போயிட்டு வந்துச்சு. இனி பொழுது எறங்குன பெறகுதேன் போகும். பயப்படாதீங்கக்கா, நான் அமுக்குறேன்."

அமுக்கிவிட்டாள்.

"நீலமா ஒரு கோடு ஓடுதுக்கா. இருவது. நாப்பத்தஞ்சு. எழுவது. நூறு ஆயிருச்சு. ஸ்கிரீன் அணஞ்சு போச்சு."

"இரு. தானா வரும்."

நாலு நொடியை விரல் விட்டு எண்ணினேன்.

"எரியுதுக்கா. நாலு பல்பும் எரியுது. தட்டு நகருது."

"அப்படியே பாத்துக்கிட்டு இரு. அர நிமிசம் ஆகட்டும்."

அரை நிமிடம் ஆனது. ஒரு நிமிடம் ஆனது. பல்பு அணையவில்லை. "முப்பத்தி ஒண்ணரை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "முப்பத்தி ரெண்டு" என்றாள். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகக் காரில் உட்கார்ந்து அழுகிற பெண்ணைப் பார்த்தால் கல்யாண வீட்டில் என்ன நினைப்பார்களோ, அதையேதான் நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர் ஓடி வந்து, "ஏனுங்க, ஆராச்சும் ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களா?" என்று கேட்டார். கோழிமுட்டை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

இருபத்தொன்றாம் நாள்

அடுத்த நாலு நாளும் நான் வீட்டில் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. சூடு திரும்பிவிட்டது என்பது சரி, ஆறின முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று எந்த சென்சாரும் சொல்லாது. காலையும் மாலையும் போன் செய்தேன். "நல்லாத்தேன் இருக்குக்கா. சும்மா சும்மாத் தொறந்து பாக்கக் கூடாது" என்று பஞ்சவர்ணம் என்னைக் கண்டித்தாள். விளக்குப் பெட்டியை மூன்று முறை திறக்கப் போனவளைக் கண்டிக்க இந்த வயதிலும் ஆள் தேவைப்பட்டது.

இருபத்தொன்றாம் நாள் பொறுக்க முடியாமல் நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போய்ச் சேரும்போது வாசலில் கூட்டம். பதினாலு வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு கூடையோடு வந்திருந்தார்கள். உள்ளே பெட்டிக்குள் ஒரே கீச்சுக் கீச்சு. ஓடுகள் சிதறிக் கிடந்தன. ஈரம் காய்ந்த குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. இருநூற்றுப் பத்தில் நூற்று எழுபத்தாறு பொரித்துவிட்டன. நல்ல அடைக்கோழியும் இதற்கு மேல் பொரிக்காது என்று அங்கே இருந்தவர்களே சொன்னார்கள்.

புதுத் தகராறு ஒன்றும் தொடங்கியிருந்தது. பென்சிலில் எழுதிய பேர் ஓட்டோடு போய்விட்டது, எந்தக் குஞ்சு யார் வீட்டுக் குஞ்சு என்று யாருக்குத் தெரியும். பஞ்சவர்ணம் அசரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கை வைத்து எடுக்கிற குஞ்சு அவரவர் குஞ்சு என்று தீர்ப்புச் சொல்லி, கூடை கூடையாகப் பிரித்துக் கொடுத்தாள். என் கையிலும் ஒன்றை எடுத்து வைத்தாள். உள்ளங்கையில் அதன் நெஞ்சு துடிப்பது தெரிந்தது. எனக்கு மறுபடி கண் கலங்கியது.

கூடையோடு நின்ற ஒரு அம்மா கேட்டார். "இரும்பு வச்சியாடி?"

"வச்சேன்."

"அதான பாத்தேன்" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தார். "நடுவுல பெட்டி நின்னு போச்சாம்ல. யாரு வந்து சரி பண்ணா?"

நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். பேரைச் சொல்வாள், கூச்சமாகச் சிரிக்க வேண்டும் என்று தயாராக இருந்தேன்.

"யாரும் வரல. நாந்தேன் மாத்துனேன்" என்றாள் பஞ்சவர்ணம், அடுத்த கூடைக்குக் குஞ்சு எடுத்துக்கொண்டே. "போன்ல கோப்பு வந்துச்சு, எடுத்துப் போட்டேன், ஓடிருச்சு. அக்காதேன் பாவம், அந்தப் பக்கம் பயந்து போயிக் கெடந்தாக. அவுகளுக்கும் நாந்தேன் தைரியம் சொன்னேன்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன். "அவதான் மாத்துனா."